20 யூரோவுக்குள் பரிசளிக்க ஒரு மடக்குக் கத்தி: தேர்ந்தெடுக்கும் முறை

பிரான்சில் வயதானவர்கள் சிலர் சாப்பிட உட்கார்ந்தால் மேசையில் இருக்கும் கத்தியைத் தொடமாட்டார்கள். கால்சட்டைப் பையிலிருந்து சொந்த மடக்குக் கத்தியை எடுத்து விரித்து, அதிலேயே ரொட்டியை அறுத்து, சீஸை நறுக்கி, கடைசியில் ஆப்பிளைத் தோல் சீவித் தின்றுவிட்டு, ஒரு ரொட்டித் துண்டில் அலகைத் துடைத்து மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வார்கள். என்னோடு உணவகச் சமையலறையில் வேலை செய்த பெரியவர் ஒருவருக்கும் அதுதான் வழக்கம். அவர் ஓய்வு பெற்றபோது, சுற்றுலாப் பயணிகள் வரும் கடையொன்றில் பளபளப்பைப் பார்த்து ஒரு கத்தி வாங்கிக் கொடுத்தேன். சில வாரம் கழித்து அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பையிலிருந்து வந்தது அவருடைய பழைய கத்திதான். நான் கொடுத்ததை எடுத்துப் பார்த்தேன். அலகு அதற்குள் இடமும் வலமும் ஆடத் தொடங்கியிருந்தது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, முதல்முறை வாங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: பணத்துக்கேற்ற கத்தியைத் தேடுங்கள்

நான் ஏமாந்தது லகியோல் என்ற பெயரில். லகியோல் தென்பிரான்சின் அவேரோன் மலைப்பகுதியில் உள்ள ஓர் ஊர். வளைந்த பிடியும், முதுகில் தேனீ உருவமும் கொண்ட அழகான கத்தி அது. லகியோலிலும் தியேர் நகரத்திலும் கைவேலையாகச் செய்யப்படும் நல்ல லகியோல் 100 யூரோவை ஒட்டியோ அதற்கு மேலோதான் கிடைக்கும். ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பொறித்து விற்கிறார்கள். 15 யூரோவுக்குத் தேனீ உருவத்தோடு ஒரு கத்தியைப் பார்த்தால் எடுக்காதீர்கள். காசு தேனீக்கும் பளபளப்புக்கும் போயிருக்கும், எஃகுக்குப் போயிருக்காது.

குறைந்த பணத்தில் என் தேர்வு ஒப்பினெல். 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ழோசெஃப் ஒப்பினெல் என்ற இளைஞர் செய்யத் தொடங்கிய கத்தி. உழவர்களும் மேய்ப்பர்களும் பையில் வைத்திருக்கப் பிறந்தது. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு உலோகக் கழுத்து, அலகைப் பூட்டும் ஒரு வளையம். அவ்வளவுதான் உறுப்புகள். அதனால்தான் விலையும் குறைவு, தரமும் கெடாமல் இருக்கிறது. அதில் எட்டாம் எண் அளவுள்ள கத்தி பிரான்சில் 15 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். அலகில் கிரீடம் சூட்டிய கை முத்திரை இருக்கும். 1909இலிருந்து வரும் அடையாளம் அது.

ஜப்பானின் மிக்கி நகரத்தில் செய்யும் ஹிகோனோகாமியும் இதே குணமுள்ள கத்தி. மடித்த தகட்டுப் பிடி, பூட்டு கிடையாது, கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலை அழுத்தித் திறக்க வேண்டும். மரவேலையோ காகித வேலையோ செய்கிறவருக்கு அதைத் தேடிப் பாருங்கள்.

படி 2: கையைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

ஒப்பினெலில் எண்தான் அளவு. ஆறாம் எண்ணுக்கு அலகு 7 செ.மீ., எட்டுக்கு 8.5, பத்துக்கு 10, பன்னிரண்டுக்கு 12. சிறிய கைக்கு ஆறு அல்லது ஏழு, மற்றவர்களுக்கு எட்டு. சந்தேகம் வந்தாலும் எட்டு. பத்துக்கு மேல் போனால் பையில் இடிக்கும், வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். பிள்ளைகளுக்கென்று முனை மழுங்கலாக, உருண்டையாகச் செய்த ஏழாம் எண் ஒன்று தனியாக உண்டு.

படி 3: எஃகு

பரிசு பயன்படுமா, பெட்டியிலேயே கிடக்குமா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. அலகிலேயே எழுதியிருக்கும்: கார்போன் (கார்பன் எஃகு) அல்லது இனாக்ஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்).

கார்போன் என்பது நம் ஊர்க் கொல்லுப்பட்டறை அரிவாளைப் போன்றது. சாணைக்கல்லில் நாலு இழுப்பில் பதம் ஏறிவிடும், கூர் நன்றாக நிற்கும். ஆனால் ஈரத்தோடு மடக்கினால் துருப்பிடிக்கும். எலுமிச்சை நறுக்கினால் சில நிமிடத்திலேயே அலகு கறுக்கும். நாள்பட நாள்பட அலகு முழுவதும் சாம்பல் நீலம் படரும். கத்தியை நேசிக்கிறவர்கள் அந்த நிறத்தைத்தான் விரும்புவார்கள். மற்றவர்கள் கத்தி கெட்டுவிட்டதென்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.

இனாக்ஸ் துருவுக்கு எளிதில் இடம் கொடுக்காது. பழம் நறுக்கவும் வெளியூர் போகும்போது கொண்டுபோகவும் நிம்மதி. பெறுகிறவர் சாப்பிட்டு முடித்ததும் கத்தியைத் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவரா? அப்படியானால் கார்போன் கொடுங்கள். தெரியாவிட்டால் இனாக்ஸ் கொடுங்கள். விலை வித்தியாசம் சிறிதுதான்.

படி 4: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

மரப்பிடி என்பதால் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும். ஒரே விலையில் மூன்று நான்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் வளையத்தைத் திருப்பி அதன் பிளவை மரத்தின் பிளவுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அலகில் உள்ள நகக்குழியில் நகத்தை வைத்து மெல்ல இழுங்கள். இறுக்கமாக, ஒரே சீராக வர வேண்டும். முழுதாகத் திறந்ததும் வளையத்தைத் திருப்பிப் பூட்டுங்கள். 1955இல் சேர்த்த இந்த வளையம் இல்லாத காலத்தில், குத்தி அழுத்தும்போது அலகு விரல் மேலேயே மடங்கும் ஆபத்து இருந்தது.

பூட்டியபின் அலகின் முதுகைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் அந்தக் கத்தியை வாங்கியிருக்கமாட்டேன். பிறகு மெதுவாக மடக்கி, பிளவுக்குள் பாருங்கள். அலகு ஒரு பக்கச் சுவரை உரசாமல் நடுவில் உட்கார வேண்டும். அலகின் கூர்மையை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு துண்டுச் செய்தித்தாள் போதும், கிழியாமல் வெட்டுப்பட வேண்டும்.

படி 5: பெறுகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார்?

லண்டனில் இருக்கும் மச்சானுக்கு வாங்கினால் கவனம். பிரிட்டனில் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் பையில் வைத்திருக்கக்கூடியது, பூட்டில்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தி மட்டுமே. வளையமுள்ள எட்டாம் எண் அதில் வராது. அவருக்கு வளையம் இல்லாத ஐந்தாம் எண் கொடுங்கள். அலகு 6 செ.மீ. பிரான்சிலும் காரணமில்லாமல் கத்தியோடு தெருவில் திரிவது குற்றம்தான். விமானத்தில் கொண்டுபோனால் கைப்பையில் வைக்கவே வேண்டாம், பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.

படி 6: கொடுப்பதற்கு முன்

மிச்சமிருக்கும் நாலைந்து யூரோவை இங்கே செலவழியுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பாரஃபின் எண்ணெய் ஒரு சிறு புட்டி வாங்கி, ஆணி இருக்கும் இடத்தில் ஒரு துளி விட்டு, நாலைந்து முறை திறந்து மூடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிர்காலத்தில் உறைந்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். புட்டியையும் பரிசோடு சேர்த்துவிடுங்கள். ஒரு சீட்டில் உங்கள் கையெழுத்தில் மூன்று வரி எழுதுங்கள்: தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போட வேண்டாம், துடைத்த பிறகே மடக்கவும். ஈரத்தில் மரம் ஊதி அலகு வர மறுத்தால், வளையத்தைத் திறந்த நிலையில் வைத்துப் பிடியின் பின்முனையை மேசையில் ஒருமுறை தட்டினால் அலகு தலைகாட்டும். சவோய்க்காரர்கள் செய்வது அதுதான்.

கடைசியாக, பெட்டிக்குள் ஒரு சென்ட் நாணயத்தை ஒட்டி வையுங்கள். கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பை அறுத்துவிடும் என்று பிரான்சில் ஒரு நம்பிக்கை. பெறுகிறவர் அந்த நாணயத்தை எடுத்து உங்களிடமே விலையாகத் தருவார். இரண்டாம் முறை எட்டாம் எண் கார்போன் கொண்டுபோனபோது, அந்தப் பெரியவர் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு பையிலிருந்த பழைய கத்தியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, புதியதில் ஆப்பிளை அறுத்துப் பாதியை எனக்குத் தந்தார்.