ஆம்ப்ளிஃபயர் மக்கர் செய்கிறதா? ஐ.சி.யை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

வீட்டு ஆம்ப்ளிஃபயர் பாடாமல் போனால் எல்லார் வாயிலும் முதலில் வருவது "ஐ.சி. (ஒலியைப் பெருக்கும் சிப்) போயிருக்கும்" என்பதுதான். தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் நான் பிரித்துப் பார்த்த செட்டுகளில் பெரும்பாலும் ஐ.சி. நன்றாகவே இருந்தது. கடல் காற்றில் சாக்கெட்டும் ஸ்பீக்கர் ஒயர் நுனியும் பச்சை பூத்திருக்கும். இல்லையென்றால் எர்த் தகராறு. அதனால் வெளியிலிருந்து உள்ளே போவதே என் வழி.

மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கவும் சால்டரிங் வைக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்குப் பிடித்தது சோல்ட்ரான் 25 வாட் அயர்ன், 60/40 ஈயம். மீட்டர் சாதாரணமானது போதும். ஆனால் சீரிஸ் பல்ப் போர்டு இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். ஏன் என்று நாலாவது படியில் சொல்கிறேன்.

படி 1: ஒரு பக்கம் பாடவில்லை

பவரை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றுங்கள். அதே பெட்டி மறுபடியும் ஊமையாக இருந்தால் கோளாறு பெட்டியிலோ ஒயரிலோ. ஊமை அடுத்த பெட்டிக்குப் போனால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்னாலோ. அப்புறம் இன்புட் ஒயர்களையும் இப்படியே மாற்றிப் பாருங்கள்.

ஒயர் நுனி கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் சுரண்டாதீர்கள். அரை அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, புதுச் செம்பை உரித்து முறுக்கிச் சொருகுங்கள். ஒரு இழை தப்பிப் பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் அவுட்புட் போய்விடும்.

படி 2: ஹம்மிங்

ஆரம்பத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஹம்மிங், அதாவது விடாத "ம்ம்" இரைச்சல், வந்ததும் டிரான்ஸ்ஃபார்மரை மாற்று, கெபாசிட்டரை மாற்று என்று காசு போய்க்கொண்டே இருக்கும். அதற்கு முன் வால்யூமை முழுக்கக் குறைத்துக் கேளுங்கள்.

குறைத்த பிறகும் அதே அளவு ஹம்மிங் இருந்தால் பவர் சப்ளை பக்கம் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் ரெக்டிஃபயரைத் தாண்டியதும் அந்த அலை 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துபோனால் அந்த 100 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கர் வரை வந்துவிடும். கெபாசிட்டர் தலை உப்பியிருந்தாலோ அடியில் கசிந்திருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். 4700 மைக்ரோஃபேரட் இருந்த இடத்தில் அதே அளவு போடுங்கள். வோல்ட் குறையக் கூடாது. 85 டிகிரி வெப்பம் தாங்குவது வேண்டாம், 105 டிகிரி கேட்டு வாங்குங்கள்.

வால்யூம் கூட்டும்போது ஹம்மிங்கும் கூடினால் அது இன்புட் வழியாக வருகிறது. எல்லா இன்புட்டையும் உருவிவிடுங்கள். ஹம்மிங் நின்றுவிட்டதா? ஆம்ப்ளிஃபயர் மேல் குற்றமில்லை. இனி ஒவ்வொன்றாகச் சொருகி எது கொண்டுவருகிறது என்று பிடிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் இதே கதை. டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியாகிவிட்டது, ஹம்மிங் போகவில்லை. டி.வி.யிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆடியோ ஒயர், டி.வி.க்கு செட்டாப் பாக்ஸ், பாக்ஸுக்கு மொட்டை மாடி வழியாக வரும் கேபிள். பாக்ஸின் பின்னால் அந்தக் கேபிள் திருகை மட்டும் கழற்றினேன். ஹம்மிங் சட்டென்று நின்றது. "அட, இத்தனை நாளா இதுவா தம்பி?" என்றார். கேபிளின் வெளிப்பின்னல் எங்கோ ஒரு இடத்தில் எர்த் ஆகிறது, ஆம்ப்ளிஃபயர் வீட்டு எர்த்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு வோல்ட் வித்தியாசம் ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியாக ஓடுகிறது. இதுதான் கிரவுண்ட் லூப்.

தீர்வு, ஆடியோ ஒயருக்கு நடுவே ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். மட்டமானதில் பாஸ் கொஞ்சம் குறையும். டி.வி.யில் ஆப்டிகல் அவுட்டும் ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் இன்புட்டும் இருந்தால் அதுவே மேல். ஒளியாகப் போவதால் கிரவுண்ட் சேர வழியே இல்லை. பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். ஹம்மிங் நிற்கும், உண்மைதான். ஆனால் நாளைக்கு உள்ளே லீக் ஆனால் பெட்டியைத் தொடுகிறவருக்கு ஷாக். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

படி 3: வால்யூம் திருகினால் கரகர

பவரை அணைத்து, வால்யூம் குமிழுக்குப் பின்னால் உள்ள பாட் (பொட்டன்ஷியோமீட்டர்) இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பலமுறை திருகுங்கள். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், தூசியைப் பிடித்து வைக்கும். புதுப் பாட் போட்டும் கரகரத்தால் அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கெபாசிட்டர் டி.சி.யைக் கசியவிடுகிறது என்று அர்த்தம்.

படி 4: ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் இழையைச் சுற்றி ஓட்டுவது நெருப்புக்கு வழி. இங்கேதான் சீரிஸ் பல்ப். 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை ஃபேஸ் ஒயரில் தொடராகப் போட்டு அதன் வழியே ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் கொடுங்கள். எல்.இ.டி. பல்ப் உதவாது. ஆன் செய்ததும் ஒருமுறை மின்னி மங்கினால் ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட், ஆனால் எதுவும் புகையாது. டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை (போர்டுக்குப் போகும் பக்கத்து ஒயர்களை) கழற்றிப் பாருங்கள். பல்ப் மங்கினால் டயோடு, கெபாசிட்டர், ஐ.சி. இவற்றில் ஒன்று.

கை வைக்கும் முன் பிளக்கை உருவி, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் பெரிய கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வதைப் பலர் பெருமையாகச் செய்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை.

படி 5: ஐ.சி. மாற்றியே ஆக வேண்டும் என்றால்

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அவுட்புட்டில் டி.சி. பாருங்கள். டிடிஏ 2030 போன்ற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. உள்ள இரட்டை சப்ளை (பிளஸ், மைனஸ் இரண்டும்) போர்டில் 100 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பல வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, அதன் கம்பிச் சுருள் (காயில்) கருகிவிடும்.

இந்த ஐ.சி.யின் தாங்குசக்தி பிளஸ், மைனஸ் 18 வோல்ட். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஏறத்தாழ 16 கொடுக்கும், சரி. 15-0-15 போட்டால் 20-ஐத் தாண்டும், புது ஐ.சி.யும் நிற்காது. இன்னொன்று, அதன் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்கா தாளும் ஸ்க்ரூவுக்கு புஷ்ஷும் இல்லாமல் பெட்டியில் முடுக்கினால் ஆன் செய்த நொடியே ஷார்ட்.

உதிரிகளுக்கு சென்னை ரிச்சி தெருதான். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். பழைய ஐ.சி.யைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பின்சேர்க்கை: புளூடூத் போர்டு சேர்த்த பிறகு பாட்டுக்கு நடுவே "கீச்" சத்தம் வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். இதுவும் கிரவுண்ட் லூப் குடும்பம்தான். போர்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே சப்ளையில் நிற்பதால் வருவது. சோதிக்க, போர்டுக்கு மட்டும் ஒரு பவர் பேங்கிலிருந்து 5 வோல்ட் கொடுங்கள். சத்தம் நின்றால் பி0505எஸ் என்ற ஐசோலேட்டட் மாட்யூலை நடுவில் போடுங்கள். அது 1 வாட் தான் தரும், அதாவது 200 மில்லிஆம்பியர். யு.எஸ்.பி., டிஸ்ப்ளே எல்லாம் உள்ள பெரிய போர்டுக்குப் போதாது; அதற்குத் தனியாக ஒரு 5 வோல்ட் மொபைல் சார்ஜர் வைத்துவிடுங்கள்.