ஆயுத ரோபோ வீடியோ வந்தால் முதலில் எதைப் பார்ப்பது

துப்பாக்கி பொருத்திய தரை ரோபோவின் வீடியோவைப் பார்ப்பவர் கண் நேரே துப்பாக்கிக்குத்தான் போகும். ஆனால் இந்த வண்டிகள் களத்தில் தடுமாறுவது பெரும்பாலும் ரேடியோ தொடர்பில். அதனால் முதல் கேள்வி, எவ்வளவு தூரத்திலிருந்து இயக்க முடியும் என்பது.

விளம்பரத்தில் போடும் தூரம் வெட்டவெளிக் கணக்கு. ரஷ்யாவின் யூரான்-9 வண்டிக்கு 3 கி.மீ. என்று சொன்னார்கள். சிரியாவில் ஓட்டிப் பார்த்தபோது, தாழ்வான கட்டடங்கள் இருந்த இடத்தில் 300 முதல் 500 மீட்டர்தான் கிடைத்தது என்று 2018இல் ரஷ்ய ராணுவ ஆய்வாளர்களே சொன்னார்கள். காரணம் எளிது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 1 கி.மீ. போக, நடுவழியில் இரு ஆன்டெனாக்களையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஆரத்துக்குத் தடையில்லாமல் இருப்பது நல்லது. வண்டியின் ஆன்டெனாவோ ஓரிரு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்த வெளியின் கீழ்ப்பகுதியைத் தரையே அடைத்துவிடும். வானத்தில் பறக்கும் ட்ரோனுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதனால் ட்ரோனின் தூரத்தை வைத்து இதை எடைபோடாதீர்கள். கேபிள் வழியாக ஓடுகிறது என்றால் ரேடியோவை முடக்கும் ஜாமருக்குப் பயமில்லை, ஆனால் கேபிள் அறுந்தால் கதை முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கோலியாத் என்ற வெடிகுண்டு வண்டிக்கு அது ஒரு பெரிய பலவீனம். இன்றைய ஃபைபர் கேபிளுக்கும் அதே கவலைதான்.

அடுத்து, தொடர்பு அறுந்தால் வண்டி என்ன செய்யும்? நிற்குமா, வந்த வழியே திரும்புமா? இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அறிவிப்பைச் சந்தேகியுங்கள். சிரியாவில் யூரான்-9 கட்டுப்பாட்டை இழந்தது மொத்தம் 19 முறை. அவற்றில் 17 முறை அதிகபட்சம் ஒரு நிமிடம், 2 முறை ஒன்றரை மணி நேரம் வரை. எதிரி பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள்.

தாமதத்தை நீங்களே கணக்குப் போடலாம். மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 9.7 மீட்டர் ஓடும். கேமரா படம் வந்து, ஆபரேட்டரின் கட்டளை திரும்பிப் போக அரை வினாடி ஆனால், அதற்குள் கிட்டத்தட்ட 5 மீட்டர் தாண்டியிருக்கும். வீடியோவில் வண்டி மெதுவாக ஊர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இனி துப்பாக்கி. ஓடிக்கொண்டே சுடுகிறதா, நின்று சுடுகிறதா என்று பாருங்கள். காட்சியை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். யூரான்-9ஆல் ஓடும்போது சரியாகக் குறி வைக்க முடியவில்லை. படத்தில் தெரியும் குழாய் எல்லாம் ஆளைச் சுடுவதற்கும் அல்ல. இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் தக்‌ஷ், வெடிகுண்டை அதிவேக நீர்த்தாரையால் செயலிழக்கச் செய்யும் ரோபோ.

‘ரோபோ தானே சுட்டது’ என்ற தலைப்பு வந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தானே ஓடுவது வேறு, தானே சுடுவது வேறு. அமெரிக்காவின் ஸ்வோர்ட்ஸ் ரோபோவில் சுடும் முடிவு முழுக்க மனிதன் கையில்தான் இருந்தது. ஆனாலும் அதன் துப்பாக்கி எதிர்பாராமல் அசைந்ததாகச் செய்தி வந்ததும், படையினர் மேலேயே திரும்பியது என்று இணையத்தில் ஊதிவிட்டார்கள். உண்மையில் அந்த அசைவுகள் ஈராக்கில் நடந்தவை அல்ல, அதற்கு முந்தைய சோதனைகளில் நடந்தவை. கம்பி தளர்ந்தது, சால்டர் விட்டது போன்ற சில்லறைக் கோளாறுகள்தான் காரணம்.

கடைசியாக, எந்தக் கட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்: கண்காட்சி மாதிரி, சோதனை, கொள்முதல், களத்துக்கு அனுப்பியது, களத்தில் சுட்டது. எம்249 இயந்திரத் துப்பாக்கியோடு 3 ஸ்வோர்ட்ஸ் 2007இல் ஈராக் போயின. ‘களமிறங்கியது’ என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் அங்கே அவை ஒரு சண்டையிலும் சுடவில்லை.