பருப்பொருள் பாடத்தில் சொற்கள் தடுமாறும் இடங்கள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பருப்பொருள் பாடத்தில் குழப்புபவை பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களே. "கரைந்துவிட்டது" என்பதை எடுத்துக்கொள்வோம். தேநீரில் இட்ட சர்க்கரை, தட்டில் வைத்த பனிக்கட்டி, துணி அலமாரியில் போட்ட பாச்சை உருண்டை ஆகிய மூன்றையும் கரைந்துவிட்டதாகவே பேச்சில் சொல்கிறோம். இவற்றுள் உண்மையில் கரைவது சர்க்கரை மட்டுமே. கரைவதற்குக் கரைப்பான் என்னும் இன்னொரு பொருள் வேண்டும். பனிக்கட்டிக்கு அப்படி எதுவும் தேவையில்லை. அது 0 டிகிரி செல்சியசில் வெப்பத்தை ஏற்றுத் தானே நீராக உருகுகிறது. பாச்சை உருண்டையோ திரவமாகாமல் நேரே வாயுவாகிறது. அதற்குப் பதங்கமாதல் என்று பெயர். வீட்டுப் பேச்சைத் திருத்த வேண்டியதில்லை; விடைத்தாளில் மட்டும் இம்மூன்றையும் பிரித்து எழுதப் பழக்கினால் போதும்.

இட்லிப் பானையைத் திறந்ததும் எழும் வெண்படலத்தைக் காட்டி, "இதுதான் நீராவி" என்று சொல்லிக்கொடுப்பது பெரியவர்கள் செய்யும் தவறு. நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. வெண்மையாகத் தெரிபவை, அது குளிர்ந்து மீண்டும் நீரானதால் உண்டான நுண்துளிகள். கொதிக்கும் கெண்டியின் மூக்கைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால், மூக்கை ஒட்டிய சிறு இடைவெளியில் ஒன்றுமே தெரியாமல், அதற்கு அப்பால் வெண்மை தொடங்குவதைக் காணலாம். ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் அவ்விடத்தில்தான் நீராவி இருக்கிறது (அங்கே கை வைத்தால் வெந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்). ஆவியாதலையும் கொதித்தலையும் ஒன்றாக்குவது இதன் உடன்பிறப்பு. கடல்மட்டத்தில் நீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். கொடியில் துணி காய்வதற்கு அவ்வளவு வெப்பம் தேவையில்லை.

"கொள்கலனின் வடிவத்தைப் பெறுவது திரவம்" என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, டம்ளரில் கொட்டிய ரவையையும் திரவம் என்று எழுதினால் அந்தப் பிழை வரையறையைப் பாதியில் நிறுத்தியவருடையது. தட்டில் கொட்டினால் ரவை குவிந்து நிற்கும், தண்ணீர் பரவிவிடும். ரவையின் ஒவ்வொரு குறுணையும் எங்கே போட்டாலும் தன் வடிவத்தை இழப்பதில்லை என்பதால் அது திண்மம்.

வாயுக்கள் எல்லாவற்றையும் "காற்று" என்று எழுதுவதும் தவறு. காற்று என்பது பெரும்பாலும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு கலவை. சமையல் எரிவாயு உருளைக்குள் வாயு மட்டுமே இருப்பதாக நினைப்பதும் இத்தகையதே. வீட்டு உருளையில் அடைக்கும் 14.2 கிலோவின் பெரும்பகுதி, அழுத்தத்தால் திரவமாகவே இருக்கிறது.

நிறை (ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு), எடை (அதை ஈர்ப்பு இழுக்கும் விசை) என்னும் வேறுபாட்டை மட்டும் மூன்றாம் வகுப்பிலேயே வற்புறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. 1 கிலோ நிறையுள்ள பொருளின் எடை பூமியில் ஏறத்தாழ 9.8 நியூட்டன், நிலவில் அதில் ஆறில் ஒரு பங்கு என்பது விசையைப் படித்த பிறகே விளங்கும். அதுவரை "தக்காளியின் எடை 2 கிலோ" என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை.