ஒன்ராறியோவில் 'கிஃப்டட்' சோதனை: கனடா வந்த சூட்டோடு எடுக்காதீர்கள்

இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்படுத்திய பழக்கத்தில், இங்கே 'கிஃப்டட்' (அதிதிறமையுள்ள பிள்ளை) என்று கேள்விப்பட்டதுமே பலர் ரியூஷன் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும் பரீட்சை அல்ல இது. ஒன்ராறியோவில் இது விசேட கல்வியின் கீழ் வருகிறது. வகுப்பில் நடக்கும் பாடம் இந்தப் பிள்ளைக்குப் போதாது என்று ஒரு குழு தீர்மானிக்க வேண்டும்.

ரிப்போர்ட் கார்டில் 'ஏ' வந்தால் பிள்ளை நன்றாகப் படிக்கிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியவை வேறு. ஒரே மாதிரி இருபது கணக்குக் கொடுத்தால் நாலைச் செய்துவிட்டு மிச்சத்தைத் தொடாது. சொல்லிக்கொடுக்காத வழியில் விடை சொல்லும். கேள்வி கேட்டே ஆளைக் களைக்க வைக்கும். கையெழுத்து கோழி கிண்டியது போல் இருக்கும். சின்னப் பிழைக்கும் அழும். வாசிப்புச் சிக்கலோ கவனக்குறைபாடோ கூடவே இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்து, பிள்ளை 'சுமார்' என்றே தெரியும்.

நடைமுறை சுருக்கமானது. பல கல்விச் சபைகள் மூன்றாம் அல்லது நாலாம் வகுப்பில் தாங்களே ஒரு முதற்கட்டச் சோதனை வைக்கும். எப்போது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பிறகு பிள்ளையை அடையாளம் கண்டு, எந்த வகுப்பில் வைப்பது என்று தீர்மானிக்கும் ஐ.பி.ஆர்.சி. என்ற குழு கூடும். அதைக் கூட்டும்படி நீங்களே அதிபருக்கு எழுதிக் கேட்கலாம். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். வாய்ப்பேச்சில் கேட்டால் இந்தக் கணக்கு ஓடாது. கூட்டத்துக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம்.

இனிப் பொறிக்கு வருவோம். கனடாவுக்கு வந்து சில மாதத்திலேயே தனியார் உளவியலாளரிடம் கொண்டுபோய், ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்து விஸ்க்-5 என்ற நுண்ணறிவுச் சோதனையை எடுக்கும் குடும்பங்கள் உண்டு. மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் இதற்கு ஒரு சதமும் தராது. மொத்தப் புள்ளிக்குச் சேரும் ஏழு பகுதிகளில் இரண்டு முழுக்க ஆங்கிலப் பேச்சு: ஒரு சொல்லின் கருத்தை விளக்குவது, இரண்டு பொருட்களுக்கு என்ன ஒற்றுமை என்று சொல்வது. தமிழில் டக்கென்று சொல்லக்கூடிய பிள்ளை ஆங்கிலத்தில் வாய் திறக்காது. சராசரி 100, பல சபைகள் எதிர்பார்க்கும் 98ஆம் சதமானம் (நூறு பிள்ளைகளில் 98 பேரைத் தாண்டும் இடம்) ஏறத்தாழ 130. அந்த இரண்டு பகுதியும் இழுத்து விழுத்தினால் 130 தொட வேண்டிய பிள்ளை 115இல் நிற்கும். உடனே திரும்ப எடுக்கவும் வழியில்லை. கேள்விகள் பழகிவிட்டால் புள்ளி நம்பகமில்லை என்பதால், குறைந்தது ஒரு வருடம், சிலர் இரண்டு வருடம் விடச் சொல்வார்கள். ரியூஷனில் அதே மாதிரிக் கேள்விகளைப் பழக்குவதும் இதே கேடுதான்.

ஆகவே பிள்ளை ஆங்கிலத்தில் சரளமாகச் சண்டை பிடிக்கும் வரை பொறுங்கள். பொறுக்க முடியாவிட்டால், வீட்டுமொழி தமிழ், கனடாவுக்கு வந்தது இன்ன மாதம் என்று உளவியலாளரிடம் முதலிலேயே சொல்லி, பேச்சு தேவைப்படாத பகுதிகளைக் கொண்ட சுட்டெண்ணையும் கணித்து அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். தனியாக எடுத்த அறிக்கையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. வாசித்துப் பார்க்காமல் நீட்டாதீர்கள்.

குழுவின் முடிவு பிடிக்கவில்லையென்றால் 15 நாளுக்குள் மறுகூட்டம் கேட்கலாம், 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கையெழுத்தும் போடாமல் மேன்முறையீடும் செய்யாமல் இருந்தால் சபை தன் முடிவையே நடைமுறைப்படுத்தலாம்.

குழு தீர்மானித்த வகுப்பில் பிள்ளை தொடங்கியபின் 30 பள்ளி நாளுக்குள், பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டமான ஐ.இ.பி. வர வேண்டும். அதில் 'மேலதிக வேலை' என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். அது இருபது கணக்கை நாற்பதாக்கும் வேலை. அலகு தொடங்குமுன் ஒரு சிறு சோதனை, தெரிந்ததை விட்டுவிட்டு ஆழமான வேலை என்று எழுதிக் கேளுங்கள். வீட்டில் செலவில்லாமல் கொடுக்க, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் வாராந்தக் கணிதப் புதிர் மூன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. தமிழ் வகுப்பை மட்டும் இதற்காக நிறுத்தாதீர்கள்.

வீடு மாறுமுன்னும் விசாரியுங்கள். ஸ்காபரோவிலிருந்து மார்க்கம் போனால் யோர்க் சபை, ஏஜாக்ஸ் போனால் டூரம் சபை. அளவுகோலும் வகுப்பு வசதியும் சபைக்குச் சபை வேறு.