புரதம்: படத்தை மட்டும் நம்பிப் படித்தால் வரும் தவறுகள்

புரதத்தைப் பற்றிய பாடம் எங்கே தொடங்கினாலும் ஒரு வண்ணப் படத்தில் வந்து நிற்கும். சுருள் சுருளாக நாடாக்கள், அம்புக்குறி போட்ட பட்டைகள், இவற்றை இணைக்கும் மெல்லிய வளைவுகள். 1980-களின் தொடக்கத்தில் ஜேன் ரிச்சர்ட்சன் கையால் வரைந்து பரவலாக்கிய முறை இது. அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலி எப்படிப் போகிறது என்று ஒரே பார்வையில் விளங்க இதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தில் விட்டுப்போனவை ஏராளம். நாடாக்களுக்கு நடுவே காலியாகத் தெரியும் இடம் உண்மையில் காலி இல்லை. ஒவ்வொரு அமினோ அமிலத்திலிருந்தும் கிளைத்து நிற்கும் பக்கச் சங்கிலிகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். வெளியே சுற்றிலும் நீர் மூலக்கூறுகள். இவற்றில் எதுவுமே ஒரு கணம்கூடச் சும்மா இருப்பதில்லை.

இந்த அசைவை மறந்துவிடுவதுதான், நான் பார்த்தவரை, புரதம் பற்றிய பெரும்பாலான தவறுகளுக்கு வேர். செய்து முடித்து வைத்த ஒரு பொருளாகப் புரதத்தை நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தன் வடிவத்தை நீருக்குள், வெப்பத்துக்கு நடுவே, மயிரிழையில் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒன்று.

மையோகுளோபினை எடுத்துக்கொள்வோம். தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் சிறிய புரதம், 153 அமினோ அமிலங்கள். முப்பரிமாண வடிவம் கண்டறியப்பட்ட முதல் புரதம் இதுதான். ஜான் கென்ட்ரூவின் குழு 1958-ல் அதன் முதல் வரைவை வெளியிட்டது. ஆக்சிஜன் உள்ளே இருக்கும் ஹீம் என்ற சிறு மூலக்கூறின் இரும்பில் போய் ஒட்ட வேண்டும். ஆனால் புரதத்தைப் படிகமாக்கிக் கண்ட அந்த வடிவத்தில் எவ்வளவு தேடினாலும், வெளியிலிருந்து ஹீம் வரை ஆக்சிஜன் நுழையும் அளவுக்கு வழியே கிடையாது. படத்தை மட்டும் வைத்து முடிவுகட்டினால், இந்தப் புரதம் தன் வேலையைச் செய்யவே முடியாது என்றாகிவிடும். உண்மையில் பக்கச் சங்கிலிகள் அசைந்து அசைந்து கணநேரத்துக்கு வழிவிடுகின்றன. அந்த நேரத்தில் ஆக்சிஜன் உள்ளே போய் வருகிறது. ஆக, இங்கே அசைவு இல்லாவிட்டால் வேலையும் இல்லை.

நான்கு நிலைகள் என்றால் நான்கு கட்டங்களா?

முதல்நிலை (அமினோ அமில வரிசை), இரண்டாம்நிலை (சுருள், பட்டை போன்ற பகுதிகள்), மூன்றாம்நிலை (முழுச் சங்கிலியின் வடிவம்), நான்காம்நிலை (பல சங்கிலிகள் சேர்வது) அமைப்பு என்று படிப்பவர்கள், செல்லுக்குள்ளும் புரதம் அதே வரிசையில்தான் உருவாகிறது என்று எழுதிவிடுகிறார்கள். இவை நாம் வடிவத்தை விவரிக்க வைத்துக்கொண்ட நான்கு கோணங்கள். செல்லில் புரதத்தைக் கட்டும் ரைபோசோமிலிருந்து சங்கிலி வெளியே வந்துகொண்டிருக்கும்போதே முன்பகுதி மடியத் தொடங்கிவிடலாம். சுருள்களும் புரதத்தின் உள்மையமும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று துணையாகச் சேர்ந்தே உருவாகின்றன. அப்புறம், எல்லாப் புரதத்துக்கும் நான்காம்நிலை இருந்தாக வேண்டும் என்பதும் தவறு. ஒற்றைச் சங்கிலியான மையோகுளோபினுக்கு அது இல்லை. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என நான்கு சங்கிலிகள் சேர்ந்த ஹீமோகுளோபினுக்கு உண்டு.

இதைவிட அதிகம் பேர் இடறும் இடம் ஒன்று உண்டு. படத்தில் நாடாச் சுருளாகத் தெரியும் ஆல்ஃபா சுருளைப் பிடித்து வைப்பது எது? பக்கச் சங்கிலிகளுக்கு இடையிலான பிணைப்பு என்றுதான் பல பேர் சொல்வார்கள். உண்மையில் அது முதுகெலும்புச் சங்கிலியின், அதாவது பக்கச் சங்கிலிகள் நீங்கலான முதன்மைச் சங்கிலியின், வேலை. ஒரு அமினோ அமிலத்தின் ஆக்சிஜன், நான்கு அமினோ அமிலம் தள்ளி இருக்கும் நைட்ரஜனின் ஹைட்ரஜனோடு பிணைகிறது. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். பக்கச் சங்கிலிகள் எல்லாம் சுருளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் எத்தனையோ வெவ்வேறு வரிசைகள் ஒரே மாதிரிச் சுருளாக அமைய முடிகிறது.

சங்கிலி எப்படி வேண்டுமானாலும் வளையும் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்து வரும் தவறு. ஒரு அமினோ அமிலத்தை அடுத்ததோடு இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, சுழலாது. ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுக் கார்பனின் இரு பக்கமும் உள்ள பிணைப்புகள்தான் சுழலும். அந்த இரண்டு கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் என்ற எளிய கேள்வியைக் கேட்டு, 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், தன்னுடன் பணியாற்றிய ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து வரைந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு அந்தப் படத்தில் மிகுதியான பரப்பு தடை செய்யப்பட்ட இடம். புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்கள் இன்றும் அதை இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். இவ்வளவு எளிய சிந்தனை இவ்வளவு காலம் நிலைப்பது அபூர்வம்.

அதே ராமச்சந்திரன் கோபிநாத் கர்த்தாவுடன் 1950-களின் நடுவில், எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு முன்வைத்த முச்சுருள் அமைப்பு, சுருள் என்றாலே ஆல்ஃபா சுருள் என்ற நினைப்பைத் திருத்த நல்ல உதாரணம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும். நடுவில் பக்கச் சங்கிலிக்கு இடமே இல்லை. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும், பக்கச் சங்கிலியாக ஒரே ஒரு ஹைட்ரஜனை மட்டும் வைத்திருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அதில் ஒரு கிளைசின் மாறிப்போனாலும் எலும்பு எளிதில் நொறுங்கும் நோய் வரக்கூடும்.

வடிவத்தைப் பிடித்து வைப்பது எது?

நீரை ஒதுக்கும் பக்கச் சங்கிலிகள் ஒன்றையொன்று பலமாக ஈர்ப்பதால் உள்ளே சேர்கின்றன என்று எழுதுவார்கள். அவற்றுக்குள் ஈர்ப்பு இருக்கிறது, ஆனால் அது பலவீனமானது. முக்கியக் காரணம் நீர்தான். இந்தப் பக்கச் சங்கிலிகளைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் தங்கள் சுதந்திரத்தை ஓரளவு இழக்க வேண்டியிருக்கிறது. அவை உள்ளே ஒதுங்கிவிட்டால் நீர் விடுபடுகிறது. நீரைக் கணக்கில் சேர்க்காமல் புரதம் மடிவதை விளக்கவே முடியாது.

இன்னொன்று, இந்த வடிவம் இரும்புக் கோட்டை மாதிரி உறுதியானது என்ற எண்ணம். மடிந்த நிலைக்கும் விரிந்த நிலைக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு பல புரதங்களில் மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். சாதாரணக் கார்பன்-கார்பன் பிணைப்பு ஒன்றை உடைக்கவே ஏறத்தாழ 83 கிலோகலோரி வேண்டும். சில டிகிரி வெப்பம், கொஞ்சம் அமிலம், ஒரே ஒரு அமினோ அமில மாற்றம் போன்றவை ஒரு புரதத்தை ஏன் கவிழ்த்துவிடுகின்றன என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும். சங்கிலியின் இரு இடங்களைக் கந்தக அணுக்களால் இணைக்கும் டைசல்பைடு பிணைப்புகள் காப்பாற்றாதா என்று கேட்கலாம். இன்சுலின், நோய் எதிர்ப்புப் புரதங்கள் போல செல்லைவிட்டு வெளியே அனுப்பப்படும் புரதங்களில் அவை நிறைய உண்டு. செல்லின் உள்திரவத்தில் வேதிச் சூழல் வேறு. அங்கே அவை அரிது.

விரிவது வேறு, உடைவது வேறு

புரதம் இயல்பிழந்தால் அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடும் என்பது மிகப் பழைய குழப்பம். இயல்பிழக்கும்போது வடிவம்தான் போகிறது. பெப்டைடு பிணைப்புகள் அப்படியே இருக்கும், அமினோ அமில வரிசை மாறாது. அவற்றை வெட்ட நீராற்பகுப்பு (நீரைச் சேர்த்துப் பிணைப்பை உடைக்கும் வினை) வேண்டும், அதற்குத் தனி நொதிகளோ கடுமையான அமிலமோ வேண்டும்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். அவர் எடுத்துக்கொண்டது ரைபோநியூக்ளியேஸ் என்ற 124 அமினோ அமில நொதி. அதில் சிஸ்டைன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் எட்டு சேர்ந்து நான்கு டைசல்பைடு பிணைப்புகள். சங்கிலியை விரிக்கும் யூரியாவையும், டைசல்பைடைப் பிரிக்கும் மெர்காப்டோஎத்தனாலையும் சேர்த்தார். நொதி விரிந்து செயலிழந்தது. இரண்டையும் நீக்கினார், நொதி தானாகவே மடிந்து, செயல்திறன் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பியது. அப்புறம் செய்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. யூரியாவை அப்படியே விட்டுவைத்து, டைசல்பைடுகளை மட்டும் முதலில் உருவாக விட்டார். எட்டு சிஸ்டைன்கள் இரண்டிரண்டாகச் சேர 105 வழிகள் உண்டு. அவற்றில் சரியானது ஒன்றுதான். விரிந்த நிலையில் எது எதோடு சேர வேண்டும் என்ற வழிகாட்டுதல் இல்லாததால், கிடைத்த செயல்திறன் ஒரு சதவீத அளவுதான். யூரியாவை நீக்கிவிட்டுச் சிறிதளவு மெர்காப்டோஎத்தனால் சேர்த்ததும் தவறான இணைப்புகள் பிரிந்து பிரிந்து, சில மணி நேரத்தில் சரியான வடிவம் வந்து சேர்ந்தது. 1972-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சோதனையைப் படித்தவர்கள் அடுத்த பக்கமாகச் சாய்ந்து விழுவதும் உண்டு: வரிசை தெரிந்தால் போதும், எல்லாப் புரதமும் எப்போதும் தானே மடியும் என்று. இன்சுலினைப் பாருங்கள். அதன் இரண்டு சங்கிலிகளும் முதலில் ஒரே நீண்ட சங்கிலியாக மடிந்து, பிறகு நடுத்துண்டு வெட்டி எடுக்கப்படுகிறது. வெட்டிய பின் சங்கிலிகளைப் பிரித்துவிட்டால் பழையபடி சேர்வது எளிதல்ல, காரணம் மடிவதற்கு உதவிய பகுதி அங்கே இல்லை. தவிர, செல்லுக்குள் இருக்கும் நெரிசலில் பாதி மடிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம். அதைத் தடுக்கத்தான் சாப்பரோன் புரதங்கள். அவை வடிவத்தைக் கற்றுக்கொடுப்பதில்லை, சங்கிலி தன் வடிவத்தைத் தேட இடமும் நேரமும் தருகின்றன. பிரியான் புரதமோ, ஒரே வரிசையை வைத்துக்கொண்டு இரு வேறு வடிவங்களில் இருக்க முடியும். அதில் ஒன்று மூளையைச் சிதைக்கிறது.

நிலையான வடிவமே இல்லாமல் வேலை செய்யும் புரதங்களும் உண்டு. செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் பி27 என்ற புரதம் தனியாக இருக்கும்போது ஒழுங்கற்றுத்தான் இருக்கும். தன் இலக்கைச் சுற்றிக்கொள்ளும்போதுதான் வடிவம் பெறும்.

ஒரு அமினோ அமிலம் மாறினால்

மரபணுவில் மாற்றம் வந்தால் புரதம் வேலை செய்யாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். எப்படி வேலை கெடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் போய் வாலின் வருகிறது. 1950-களின் பிற்பகுதியில் வெர்னன் இங்க்ராம் கண்டறிந்தது இது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும் திறனை இழந்துவிட்டது என்றுதான் பலர் நினைப்பார்கள். அந்தத் திறன் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வாலின் நீரை ஒதுக்கும், புரதத்தின் வெளிப்பரப்பில் துருத்திக்கொண்டும் இருக்கிறது. ஆக்சிஜனை விட்டதும் ஹீமோகுளோபின் வடிவம் மாறி, அதன் பீட்டா சங்கிலியில் நீரை ஒதுக்கும் ஒரு சிறு குழி திறக்கிறது. ஒரு மூலக்கூறின் வாலின் அடுத்த மூலக்கூறின் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்படியே ஒன்றோடு ஒன்று கோத்து நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. ஆக்சிஜன் ஏறியிருக்கும்போது குழி இல்லை, இழையும் உருவாவதில்லை.

நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் கதை வேறு. அதில் அதிகம் காணப்படும் மாற்றத்தில், 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குளோரைடு வாய்க்கால் புரதத்தில் 508-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் மட்டும் இல்லை. அந்தப் புரதம் செல்லின் மேற்பரப்புக்குப் போய்ச் சேர்ந்தால் ஓரளவு வேலை செய்யவும் முடியும். ஆனால் அது சரியாக மடியாததால், செல்லின் தரச் சோதனை அதை வழியிலேயே பிடித்து அழித்துவிடுகிறது. இந்த வேறுபாடு தெரிந்த பிறகுதான், புரதம் மடிய உதவும் மருந்துகளைத் தேடும் வழி திறந்தது.

நொதிகளில் வரும் சில குழப்பங்கள்

நொதி வினையை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் என்பது தவறு. வினை தொடங்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை, அதாவது கிளர்வு ஆற்றலை, குறைத்து வினையை இரு திசையிலும் வேகமாக்கும்; சமநிலை எங்கே இருக்கும் என்பதில் அது கை வைப்பதில்லை. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற ஒரே நொதி, திசுக்களில் கார்பன் டை ஆக்சைடை பைகார்பனேட்டாக மாற்றவும் நுரையீரலில் அதைத் திரும்ப மாற்றவும் உதவுகிறது. எங்கே எதன் செறிவு அதிகமோ அதுதான் திசையை முடிவு செய்கிறது.

பூட்டும் சாவியும் என்ற உவமையை 1894-ல் எமில் ஃபிஷர் சொன்னார். தொடக்கத்துக்கு நல்ல உவமைதான், அதிலேயே நின்றுவிட வேண்டாம். ஹெக்ஸோகைனேஸ் குளுக்கோஸைப் பிடித்ததும் தன் இரு மடல்களையும் மூடிக்கொள்கிறது. அப்படி மூடுவதால் நீர் வெளியே தள்ளப்படுகிறது. இல்லாவிட்டால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் பாஸ்பேட் குளுக்கோஸுக்குப் போகாமல் நீரோடு வினைபுரிந்து வீணாகும்.

நொதிகள் எல்லாம் புரதங்களே என்பதும் இன்று சரியில்லை. வினையூக்கும் ஆர்என்ஏக்களைக் கண்டறிந்ததற்காக 1989-ல் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் நோபல் கிடைத்தது. புரதத்தைக் கட்டும் ரைபோசோமிலேயே பெப்டைடு பிணைப்பை உருவாக்குவது ஆர்என்ஏதான்.

கணினி தரும் வடிவத்தைப் படிப்பது

அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் 2020-ல் காட்டிய துல்லியம் உண்மையிலேயே பெரிய சாதனை. 2024 வேதியியல் நோபலில் அதற்கும் பங்கு கிடைத்தது. இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்த வசதியோடு புதிய தவறுகளும் வந்துவிட்டன. கணிப்பைச் சோதனையில் கண்ட வடிவமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக் கொடுத்து, படம் மாறவில்லை என்றால் அந்த மாற்றம் ஆபத்தில்லாதது என்று முடிவு செய்கிறார்கள். அந்தக் கருவி அதற்காகப் பயிற்சி பெறவில்லை. ஆக்சிஜன் இருக்கும்போதும் இல்லாதபோதும் வடிவம் மாறும் ஹீமோகுளோபின் போன்ற ஒன்றுக்கு, ஒற்றைப் படம் பாதிக் கதையைக்கூடச் சொல்லாது.

ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் ஒரு புரதத்தைத் திறந்தால், வடிவத்தை விட்டுவிட்டு முதலில் நிறத்தைப் பாருங்கள். அடர்நீலப் பகுதிகளில் கணிப்பின் நம்பகத்தன்மை மிக அதிகம், ஆரஞ்சுப் பகுதிகளில் மிகக் குறைவு. ஆரஞ்சு நிறத்தில் நீண்டு அலையும் பகுதியைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு வினோத வடிவமா என்று வியக்க வேண்டாம். பல நேரம் அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே இருக்காது, பி27-ஐப் போல.