மருத்துவ ஊழியத்துக்கு ஆப்பிரிக்கா போகுமுன்

அல்சூரில் எங்கள் தமிழ்ச் சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். "அக்கா, அடுத்த தடவை உகாண்டா போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க." பெங்களூரில் 14 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். லீவைச் சேர்த்துவைத்து, மசாகா பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போய் வந்தேன். அந்தப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயிற்றா?" என்றுதான்.

மூன்றாவது ஊசி, முதல் ஊசி போட்டு ஆறு மாதம் கழித்து வரும். அதனால் கிளம்புவதற்கு ஆறேழு மாதம் முன்பே தொடங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் போக முடியாது. அதை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள்; அரசு அனுமதித்த மையத்தில்தான் போட வேண்டும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அந்த மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். திரும்பி வரும்போது அது கையில் இல்லாவிட்டால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய பேர். என்னோடு வந்த ஒரு தம்பி அப்படித்தான் நிறுத்தினான்; மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சலில் அட்மிட் ஆனான். திரும்பி வந்த பின் காய்ச்சல் அடித்தால், ஆப்பிரிக்கா போய் வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நம் உடம்புக்கு. இனி, எந்த இடத்துக்குப் போவது?

முதல் முறை போனபோது ஒரு பாட்டி வந்தார். பிரஷர் 190-க்கு மேல். பேசிக்கொண்டிருக்கும்போதே இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தார், நம் ஊர்ப் பாட்டிகள் முந்தானையில் காசு முடிந்து வைப்பார்களே, அதே மாதிரி. உள்ளே காசு இல்லை. ஒரு காலி மாத்திரை அட்டை, அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. மடித்து மடித்து ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. முந்தின வருஷம் கிராமத்துக்கு வந்து முகாம் நடத்திய ஒரு குழு கொடுத்த முப்பது மாத்திரை அது. ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அடுத்த அட்டையை எங்கே வாங்குவது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அட்டையைக் காட்டினால் அதே மாத்திரை கிடைக்கும் என்று பத்து மாதமாகப் பத்திரமாக வைத்திருந்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் உங்களை அழைக்கும் குழுவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நாம் கிளம்பிய பிறகு இவர்களை யார் பார்ப்பார்கள்? உள்ளூர் ஆஸ்பத்திரியோ, அந்த ஊர் நர்ஸோ பெயர் சொல்லிக் காட்ட முடியாத குழுவோடு போகாதீர்கள். இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரத்துக்காரன் கையில் பணம் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத்தான் போனான்.

லைசென்ஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இங்கே மாநில நர்சிங் கவுன்சிலில் நன்னடத்தைச் சான்று வாங்கி, அங்குள்ள கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்த பிறகுதான் நோயாளியைத் தொட வேண்டும். இங்கே செய்ய அனுமதி இல்லாத வேலையை அங்கேயும் செய்யக்கூடாது. தையல் போடத் தெரியாத மாணவி ஏழை ஜனங்கள் மேல் தையல் பழகுவது ஊழியமாகாது. படிக்கிற பிள்ளைகள் ரிஜிஸ்தர் எழுதலாம், எடை பார்க்கலாம். சத்துக்குறைவு இருக்கிறதா என்று பார்க்க, குழந்தையின் மேல்கையில் நிறம் பிரித்த அளவு நாடாவைச் சுற்றி அளக்கலாம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் குறைந்து சிவப்பு தெரிந்தால் அப்போதே உள்ளூர் நர்ஸைக் கூப்பிட வேண்டும். இதுவே பெரிய வேலை. அப்புறம், கையில் ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை அங்கே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.

சபையில் மருந்து சேகரிப்பார்கள். வீட்டில் மிச்சமானது, டாக்டருக்கு வந்த சாம்பிள் எல்லாம் பையில் வந்து விழும். அன்பாகத்தான் தருகிறார்கள், ஆனாலும் வாங்காதீர்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது காலாவதிக்கு மீதம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்த ஆஸ்பத்திரி எதைக் கேட்கிறதோ அதை மட்டும், அங்கேயே வாங்கிக்கொடுங்கள். எங்களிடம் கேட்டது, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் துத்தநாக மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும்தான்.

அந்தப் பக்கம் பேசும் லுகாண்டா மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். "வெபாலே ஞ்ஞாபோ" என்றால் "நன்றி அம்மா". அங்கே பெண்கள் பெரியவர்களுக்கு முழங்காலிட்டு வணக்கம் சொல்வார்கள். நமக்கும் அப்படிச் செய்யும்போது கூச்சமாக இருக்கும். நாமும் குனிந்து உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும்.

ஜெபம் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஜெபிக்காமல் வார்டுக்குள் போகிறவள் இல்லை. ஆனால் மருந்தை முதலில் கொடுத்துவிடுவேன். அப்புறம் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்பேன். வேண்டாம் என்றால் சரி, சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். அந்த வரிசையில் முஸ்லிம் தாய்மார்களும் நிற்கிறார்கள். ஜெபித்தால்தான் மாத்திரை என்று அவர்களுக்கு ஒரு கணம்கூடத் தோன்றக்கூடாது.

கடைசி நாள் முகாம் வைக்காதீர்கள். அன்று முழுக்க அந்த ஊர் நர்ஸோடு உட்கார்ந்து, நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வாசித்து ஒப்படையுங்கள். யாருக்கு எந்த மாத்திரை, எந்தத் தேதியில் மறுபடி வர வேண்டும், எல்லாம். அந்தப் பாட்டியின் பெயரையும் அப்படித்தான் ஒப்படைத்தோம். மூன்றாம் முறை போனபோது அதே முடிச்சை அவிழ்த்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினார். மாதாமாதம் பிரஷர் எழுதி, அந்த நர்ஸ் கையெழுத்துப் போட்டிருந்தார்.