குழந்தைக்கு கண் ஆபரேஷன் ஆச்சா? சொட்டு மருந்து போடுறது இப்படித்தான்

மதுரையில பையனுக்கு கண்புரை ஆபரேஷன் முடிச்சு காரைக்குடி வந்து சேர்ந்ததுக்கு அப்புறம்தான் உண்மையான வேலையே ஆரம்பிச்சுது. பெரியவங்களை விட குழந்தைங்க கண்ணுல அழற்சி ஜாஸ்தியா வரும், அதை அடக்குறது ஸ்டீராய்டு சொட்டுதான், அதனால ஒரு வேளை கூட விடாதீங்க.

கையை சோப்பு போட்டு கழுவிட்டு பாட்டிலை நல்லா குலுக்குங்க. பிரெட்னிசோலோன் அசிடேட்ங்கிற ஸ்டீராய்டு சொட்டுல மருந்து அடியில தங்கிடும், குலுக்காம விட்டா மருந்து சரியா உள்ள போகாது.

அடுத்து எங்களை ரொம்ப படுத்தின கட்டம். பாட்டிலைப் பார்த்ததுமே கண்ணை இறுக்கி மூடிக்குவான், பலமா பிரிச்சா ஆபரேஷன் பண்ண கண்ணு அமுங்கிடுமோன்னு நமக்கு பயம். பிரிக்கவே வேணாம். மல்லாக்க படுக்க வச்சு, மூடின கண்ணுல மூக்கோரமா இருக்கிற குழியில ஒரு சொட்டு விடுங்க, தலையை அசைக்காம "இப்ப தெறடா ராசா"ன்னு சொன்னா தன்னால உள்ள இறங்கிடும். பாட்டில் முனை இமையில படக்கூடாது. அப்புறம் ரெண்டு நிமிஷம் கண்ணை மூடி வைக்கணும்.

அடுத்த மருந்துக்கு அஞ்சு நிமிஷம் இடைவெளி விடுங்க, ஆயின்மென்ட் இருந்தா கடைசியில. போன் அலாரத்தை விட கதவுல ஒட்டின பேப்பர் சார்ட்தான் எனக்குப் பிடிக்கும், அப்பத்தா போட்டாலும் சித்தப்பா போட்டாலும் டிக் அடிச்சா எல்லாருக்கும் தெரியும்.

அட்ரோபின், ஹோமட்ரோபின் மாதிரி சொட்டு கண் பாப்பாவை, அதாவது கண்ணு நடுவுல இருக்கிற கருப்பு வட்டத்தை, விரிச்சு வைக்கும், அது கண்ணுக்குள்ள ஒட்டிக்காம இருக்கத்தான் இந்த மருந்து. அதனால முற்றத்து வெயில் கண்ணைக் கூசும், உள்கட்டுல விளையாட விடுங்க. முகம் சிவந்து உடம்பு சுட்டா டாக்டருக்கு உடனே போன் பண்ணுங்க.

கண்ணு சிவப்பு போய் வெள்ளையாயிடுச்சுன்னு ஸ்டீராய்டை நீங்களா நிறுத்தாதீங்க, அழற்சி திரும்பி வரும். டாக்டர்தான் படிப்படியா குறைப்பாங்க. சொன்ன நாளைத் தாண்டி போட்டாலும் கண் அழுத்தம் ஏறலாம், அதனால செக்கப்பை தள்ளிப் போடாதீங்க.

பின்சேர்க்கை: நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் விடலாமான்னு கமெண்ட்ல நிறைய பேர் கேட்டிருக்கீங்க. வீட்டுப் பெரியவங்க பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா வேணவே வேணாம், புண்ணு ஆறாத கண்ணுல கிருமி போயிடும். சிவப்பு கூடினாலோ, வலி, வீக்கம், சீழ், வாந்தி எது வந்தாலோ ராத்திரின்னு பார்க்காம கிளம்பிடுங்க, மருந்து பாட்டிலையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையில எடுத்துக்குங்க.